ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: சம்மதம் சொல்லும் முன் ஃபைலைப் படிக்கும் முறை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், செலுத்தும் மையங்கள் தரும் ஃபைலைத் திறந்தால் முதல் பக்கங்கள் ஒன்று சொல்லும், கடைசிப் பக்கங்கள் வேறொன்று சொல்லும். முன்னால் சிரிக்கும் குழந்தைகளின் படங்களோடு "நவீன சிகிச்சை" என்று இருக்கும். பின்னால், ஒப்புதல் படிவத்தில், பொடி எழுத்தில் "இது பரிசோதனை நிலையில் உள்ள முறை, பலனுக்கு உறுதி இல்லை" என்று இருக்கும். பெற்றோர் முன்பக்கத்தை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். பிரச்சினை வந்தால் மையம் பின்பக்கத்தைக் காட்டுகிறது.

நான் செவிலியர். புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வுகளில், அதாவது கிளினிக்கல் டிரையல்களில், ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். ஒப்புதல் படிவத்தை வரிவரியாக விளக்குவது, ஊசி போட்டபின் பக்கத்தில் இருந்து கவனிப்பது, பக்கவிளைவு வந்தால் உடனே எத்திக்ஸ் கமிட்டிக்கு, அதாவது ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் குழுவுக்கு, தெரிவிப்பது எல்லாம் என் அன்றாட வேலை. என் அக்கா மகனுக்கு ஆட்டிசம். இப்படி ஒரு ஃபைலை அக்கா என் கையில் கொடுத்து, "நீதான் படிச்சுச் சொல்லணும், சீக்கிரம் முன்பணம் கட்டச் சொல்றாங்க" என்றபோது, வேலையில் ஓர் ஆய்வுத் திட்டத்தை எப்படிப் படிப்பேனோ அப்படியே அதைப் படித்தேன். அந்தப் படிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வலியுறுத்துவது ஒன்றுதான். பரிசோதனை என்கிறார்களா? சரி. பரிசோதனையில் சேரும் குழந்தைக்கு என்னென்ன பாதுகாப்பு உண்டோ அத்தனையையும் கேளுங்கள். பணம் வாங்கும்போது சிகிச்சை, பொறுப்பு ஏற்கும்போது பரிசோதனை என்று இரண்டு பக்கமும் பேச யாரையும் விடாதீர்கள்.

எதை, எங்கிருந்து எடுத்து, எப்படிச் செலுத்துகிறார்கள்?

"ஸ்டெம் செல் போடுகிறோம்" என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தப் பெயரில் வேறு வேறு பொருள்கள் வருகின்றன. குழந்தை பிறந்தபோது சேமித்து வைத்த அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம், வேறொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம், தொப்புள்கொடித் திசுவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிய மீசன்கைமல் செல்கள் (இணைப்புத் திசுக்களில் இருக்கும் ஒரு வகை ஸ்டெம் செல்), குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சும் எலும்பு மஜ்ஜை, கொழுப்பிலிருந்து பிரிக்கும் செல்கள் என்று பட்டியல் நீளும். எக்ஸோசோம் என்று சொல்லி விற்பதில் செல்லே கிடையாது, செல்கள் வெளியிடும் நுண்குமிழிகள் மட்டும்தான். ஒன்றில் கிடைத்த ஆய்வு முடிவை இன்னொன்றுக்குக் காட்டக்கூடாது.

செலுத்தும் வழியும் முக்கியம். கையில் ரத்த நாளத்தின் வழியாக ட்ரிப்ஸ் போல ஏற்றுவது ஒரு வகை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் செலுத்துவது இன்னொரு வகை. இரண்டாவதற்குச் சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். ஆகவே முதல் வேலையாக எந்தச் செல், யாருடையது, ஆய்வகத்தில் பெருக்கியதா, எந்த வழியில், எத்தனை முறை என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வந்த ஃபைலில் "உயர்தர ஸ்டெம் செல்கள்" என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. ஒரு சாதாரணக் காய்ச்சல் மருந்தின் அட்டையில்கூட அதைவிட அதிகமாக எழுதியிருக்கும்.

பல பெற்றோர் நினைப்பதுபோல இந்தச் செல்கள் மூளைக்குப் போய்ப் புதிய நரம்பு செல்களாக மாறுவதில்லை. ரத்தத்தில் ஏற்றும் மீசன்கைமல் செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடுகிறது, சில நாட்களில் மறைந்தும் விடுகிறது என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தத் துறையின் பொறுப்பான ஆய்வாளர்கள் வேறு கருதுகோளை வைத்திருக்கிறார்கள். இச்செல்கள் வெளியிடும் பொருள்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும், மூளையின் பாதுகாப்பு செல்களான மைக்ரோகிளியாவையும் அமைதிப்படுத்தலாம், அதனால் நரம்பு இணைப்புகள் சீராகலாம் என்பது அது. படிக்கத் தகுந்த கருதுகோள்தான். ஆனால் "பழுதான செல்களை மாற்றுகிறோம்" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அவர் தன் பொருளைப் பற்றியே சரியாகச் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதானே, தலசீமியாவுக்குக் கொடுக்கிறார்களே" என்பார்கள். உண்மை. ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும், தொப்புள்கொடி ரத்த மாற்றுச் சிகிச்சையும் நிலைபெற்றவை. அந்த அங்கீகாரம் ஆட்டிசத்துக்கு வராது. ஆட்டிசத்துக்கு என்று எந்த ஸ்டெம் செல் பொருளையும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரிக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும், இப்படிப்பட்ட பயன்பாடு அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம் என்கின்றன. சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கத்தின் நிலையும் இதுதான்.

இதுவரை ஆய்வுகள் என்ன காட்டின?

மையங்கள் அதிகம் மேற்கோள் காட்டும் பெயர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம். ஜோன் கர்ட்ஸ்பெர்க், ஜெரால்டின் டாசன் இருவரும் அங்கே நடத்திய முதல் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. 25 சின்னக் குழந்தைகளுக்கு அவரவர் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை ஒருமுறை ஏற்றினார்கள். பலரிடம் முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது பாதுகாப்பைப் பார்க்க நடந்த முதல்கட்ட ஆய்வு. செல் ஏற்றப்படாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆய்வாளர்களே அந்த வரம்பை எழுதியிருந்தார்கள்.

பிறகு அவர்கள் செய்ததுதான் மரியாதைக்குரியது. ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2 முதல் 7 வயது வரையிலான 180 குழந்தைகள். 119 பேருக்குத் தொப்புள்கொடி ரத்தம் (சிலருக்குச் சொந்தம், சிலருக்குப் பிறருடையது), 61 பேருக்குப் பிளாசிபோ, அதாவது பார்வைக்கு அதேபோல இருக்கும், செல் இல்லாத திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, வைன்லேண்ட் என்ற அளவுகோலில் சமூகப் பழக்கத்தை அளந்தார்கள். இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த முடிவு 2020-ல் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளிடம் மட்டும் சில அளவுகளில் லேசான நன்மை தெரிந்தது. அது இன்னொரு ஆய்வில் சோதிக்க வேண்டிய குறிப்பு, அதற்கு மேல் அதற்கு எடை கிடையாது. கலிஃபோர்னியாவில் நடந்து 2018-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றிலும், சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்துக்கும் பிளாசிபோவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை.

எங்கள் ஃபைலில் 2017 ஆய்வு இருந்தது, 2020 ஆய்வு இல்லை. உங்கள் ஃபைலிலும் இதை முதலில் பாருங்கள். ஒரே குழு செய்த இரண்டு ஆய்வுகளில் சாதகமானதை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்றால், மற்ற பக்கங்களை எந்த மனநிலையில் படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எலும்பு மஜ்ஜை செல்களைத் தண்டுவட நீரில் செலுத்தியதைப் பற்றி 2013-ல் இந்தியாவிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 32 பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை, செல்லோடு சேர்த்துத் தெரபிகளும் கொடுத்தார்கள். பெரும்பாலோர் முன்னேறியதாக எழுதினார்கள். மூன்று பேருக்கு வலிப்பு வந்து மருந்தால் கட்டுப்படுத்தியதும் அதே கட்டுரையில் உண்டு. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்றே சொன்னது.

"ஊசிக்குப் பிறகு பேசினான்" என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

அக்கா என்னிடம் கேட்ட கடினமான கேள்வி இது. அந்த மையத்தில் அவள் சந்தித்த ஓர் அம்மா, தன் மகள் ஊசிக்குப் பிறகு இரண்டு மாதத்தில் சொற்களைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தாள் என்று கண்ணீரோடு சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஆறு மாதத்தில் எப்படியும் மாறும், ஆட்டிசம் இருந்தாலும் மாறும். ஒன்றும் நகராமல் மனம் சோர்ந்த காலத்தில்தான் பெற்றோர் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள், அதன்பின் வருவது பெரும்பாலும் சற்று நல்ல காலமாகவே இருக்கும். அப்புறம், பணமும் நம்பிக்கையும் போட்டபின் குழந்தையோடு அதிகம் பேசுகிறோம், அதிகம் கவனிக்கிறோம். முன்பு கண்ணில் படாத சின்ன மாற்றமும் படுகிறது.

இது எவ்வளவு வலிமையானது என்பதற்கு செக்ரெட்டின் கதையை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். செக்ரெட்டின் என்பது கணையத்தைச் சோதிக்கப் பயன்படும் ஒரு குடல் ஹார்மோன். அதைப் போட்டபின் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள் என்று 1998-ல் ஒரு கட்டுரை வந்தது. பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒப்பீட்டு ஆய்வு வந்தது. செக்ரெட்டின் போட்ட குழந்தைகளும் முன்னேறினார்கள், வெறும் உப்புநீர் போட்ட குழந்தைகளும் அதே அளவு முன்னேறினார்கள். மருந்தால் வித்தியாசம் எதுவும் இல்லை. முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரெட்டினில் ஆர்வமாகவே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கண்ணால் பார்த்த முன்னேற்றத்தை ஒரு அட்டவணை எப்படிப் பறித்துக்கொள்ளும்? அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறோம்.

எங்கள் ஃபைலில் ஊசி மட்டும் இல்லை. தங்கியிருக்கும் நாட்களில் தினமும் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டிய பயிற்சி அட்டவணை, உணவு மாற்றம் எல்லாம் ஒரே பொட்டலமாக இருந்தன. குழந்தை முன்னேறினால் அது எதனால் என்று யார் சொல்ல முடியும்? "செல் இல்லாமல் இந்தத் தெரபியை மட்டும் அதே அளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா?" என்று அக்காவை விட்டே கேட்கச் சொன்னேன். பதில் வரவில்லை.

முன்னும் பின்னும் எடுத்த பெட் ஸ்கேன் படங்களைக் காட்டினால் மயங்க வேண்டாம். அந்த ஸ்கேன் மூளை எங்கே எவ்வளவு சர்க்கரையைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டுவது. குழந்தை விழித்திருந்ததா, மயக்க மருந்தில் இருந்ததா என்பதை வைத்தே படம் மாறும். நிறத்தின் எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதாலும் நீலம் சிவப்பாகும். ஆட்டிசம் குறைந்ததற்கு அத்தாட்சியாக இந்த ஸ்கேனை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. தேவையில்லாத கதிர்வீச்சு குழந்தைக்கு மிச்சம்.

எனவே முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை. உங்களுக்கு மிக முக்கியமான இரண்டு மூன்று விஷயங்களை எழுதுங்கள். "ஆட்டிசம் குறைய வேண்டும்" என்று எழுதாதீர்கள். "பசித்தால் ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்க வேண்டும்", "இரவில் தொடர்ந்து தூங்க வேண்டும்", "வலித்தால் இடத்தைக் காட்ட வேண்டும்" என்று கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக எழுதுங்கள். மூன்று மாதம், வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே விளையாட்டோடு சில நிமிட வீடியோ எடுங்கள். எந்த ஊசியும் இல்லாத மூன்று மாதத்தில் உங்கள் குழந்தை எவ்வளவு நகர்கிறது என்பது தெரிந்தால்தான், யாரோ காட்டும் "ஆறு மாத முன்னேற்றம்" எவ்வளவு பெரியது என்று உங்களால் எடை போட முடியும். அக்கா இதைச் செய்தாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான் வீடியோவில் பதிவானது. ஊசி போட்டிருந்தால் அதை ஊசியின் கணக்கில்தான் எழுதியிருப்போம்.

உண்மையான ஆய்வுதானா என்று சோதிப்பது

"நாங்கள் டிரையலாகத்தான் செய்கிறோம், பதிவு எண் இருக்கிறது" என்பார்கள். எண்ணை வாங்குங்கள். அமெரிக்கப் பதிவேட்டு எண் என்.சி.டி. என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்டிருக்கும். மற்ற நாடுகளுக்குத் தனிப் பதிவேடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளம் இவற்றையெல்லாம் ஒன்றாகத் தேட உதவும். எல்லாருக்கும் திறந்தது, இலவசம்.

பதிவேட்டில் இருப்பதே அங்கீகாரம் ஆகிவிடாது. யாரும் பதிவு செய்யலாம். அமெரிக்கத் தளமே, தன் பட்டியலில் ஓர் ஆய்வு இருப்பதால் அரசு அதை மதிப்பிட்டுவிட்டதாகப் பொருள் இல்லை என்று எச்சரிக்கிறது. ஆகவே பக்கத்தைத் திறந்து உள்ளே படிக்க வேண்டும். முதலில் நான் பார்ப்பது பதிவு செய்த தேதி. முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். ஊசியெல்லாம் போட்டு முடித்தபின் பதிவது, முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை எழுதுவதற்குச் சமம். அடுத்து ஒப்பீட்டுக் குழு உண்டா, குலுக்கல் முறையில் பிரிக்கிறார்களா, யாருக்கு எது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாமல் மறைக்கிறார்களா. அப்புறம் முதன்மை அளவு என்ன, எந்த மாதத்தில் அளக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு அளவுகளைப் போட்டுவிட்டு எது நன்றாக வந்ததோ அதைச் சொல்லுவது பழைய தந்திரம். கடைசியாக, நிலை. பல வருடமாகப் புதுப்பிக்காமல் "நிலை தெரியவில்லை" என்று கிடக்கும் பதிவை வைத்துக்கொண்டு இன்றும் ஆள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். ஆய்வின் பெயர், தேதி, எவ்வளவு காலத்துக்கு அனுமதி என்பவை அதில் இருக்கும். உங்கள் ஒப்புதல் படிவத்தில் உள்ள ஆய்வுப் பெயரோடு அது பொருந்த வேண்டும். கமிட்டியைத் தொடர்புகொள்ளும் எண் படிவத்திலேயே இருக்க வேண்டும், இது பங்கேற்பவரின் உரிமை. அந்த எண்ணுக்குப் பேசுங்கள். நாங்கள் ஆய்வு நடத்தும்போது அப்படி ஒரு பெற்றோர் பேசினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். அதற்காகத்தான் எண் கொடுத்திருக்கிறோம்.

இப்போது பணம். ஆய்வில் சேரும் குழந்தையின் பெற்றோரிடம், சோதிக்கப்படும் பொருளுக்குக் கட்டணம் வாங்குவதை நான் வேலை செய்த எந்த ஆய்விலும் பார்த்ததில்லை. பலன் தெரியாத ஒன்றை உங்கள் பிள்ளையின் உடலில் சோதிக்க அனுமதிப்பதே நீங்கள் தரும் பெரிய பங்கு. அதற்கு மேல் உங்களிடமே பணம் கேட்டால், அந்த இடத்துக்கு முடிவு சாதகமாக வர வேண்டும் என்ற கட்டாயம் உண்டாகிறது. பணம் கட்டியவரிடம் "உங்கள் குழந்தைக்குப் பிளாசிபோதான் வரலாம்" என்று எப்படிச் சொல்வார்கள்? ஆகவே ஒப்பீட்டுக் குழுவும் காணாமல் போகிறது. கட்டணம் என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலே மற்றப் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும் என்பது என் அனுபவம்.

ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், இழப்பீடு உண்டா என்ற பத்தியையும் தேடுங்கள். எங்கள் ஃபைலில் அந்த இடத்தில் "எல்லாப் பின்விளைவுகளுக்கும் பெற்றோரே பொறுப்பு" என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோதுதான் அக்காவின் முகம் மாறியது.

ஆபத்தைப் பற்றிக் கேட்பது

"உங்கள் சொந்தச் செல்தானே, பக்கவிளைவே கிடையாது" என்ற பேச்சை ஏற்காதீர்கள். டியூக் ஆய்வுகளில் தொப்புள்கொடி ரத்தம் கடுமையான பாதிப்பு எதையும் பெரிதாக ஏற்படுத்தவில்லை என்பது உண்மை. அது கட்டுப்பாடான ஆய்வகம், தேர்ந்த குழு, நெருக்கமான கண்காணிப்பு. அந்தப் பாதுகாப்பு முடிவை யாரோ எங்கோ தயாரித்த குப்பிக்குக் கடன் வாங்க முடியாது. அமெரிக்காவில் 2018-ல், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்து விற்ற ஒரு பொருளால் 12 பேருக்குக் கடும் பாக்டீரியா தொற்று வந்ததை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. திறக்காத குப்பிகளிலேயே கிருமி இருந்தது.

பிறருடைய செல்லானால் இன்னொரு விஷயம் உண்டு. தொப்புள்கொடித் திசு செல்களை 12 குழந்தைகளுக்குக் கொடுத்த டியூக்கின் முதல்கட்ட ஆய்வில், 5 பேரின் ரத்தத்தில் அந்நியத் திசு அடையாளத்துக்கு எதிரான புதிய ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) உருவாயின. அன்றைக்கு அவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆன்டிபாடிகள் இருப்பவருக்குப் பிற்காலத்தில் உறுப்பு மாற்று தேவைப்பட்டால் பொருத்தமான தானம் கிடைப்பது கடினமாகலாம். ஒரு குழந்தைக்கு முன்னால் முழு வாழ்நாள் கிடக்கிறது, இதைச் சொல்லாமல் சம்மதம் வாங்கக்கூடாது.

மிகக் கடுமையான உதாரணம் ஆட்டிசத்துக்கானது இல்லை. வேறொரு நரம்பு நோய் உள்ள சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். சில ஆண்டுகளில் அவனது மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வந்தன, அவை தானம் தந்தவரின் செல்களிலிருந்து வளர்ந்தவை என்று 2009-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் இதே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. எந்தச் செல் என்று எழுத்தில் வாங்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். குப்பியின் பேட்ச் எண், செல் எண்ணிக்கை, அதில் எத்தனை சதவீதம் உயிருள்ளவை, கிருமி இல்லை என்ற சோதனை முடிவு, தானம் தந்தவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வைரஸ்கள் சோதித்த அறிக்கை எல்லாவற்றையும் கேளுங்கள். ஒழுங்கான ஆய்வகம் என்றால் இந்தத் தாள் அவர்களிடம் தயாராக இருக்கும்.

முதுகில் ஊசி என்றால், ஒரு செவிலியராக என் மனம் அதிகம் போவது பேசாத குழந்தையின் மேல்தான். தண்டுவட நீர் எடுத்தாலோ அதில் மருந்து செலுத்தினாலோ கடும் தலைவலி வரலாம், எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகும். பெரியவர்கள் சொல்வார்கள், படுத்துக்கொள்வார்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை அடித்துக்கொள்ளும், கத்தும். "ஆட்டிசத்தால் அடம்" என்று யாராவது எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். "பேசாத குழந்தையின் வலியை எந்த முறையில் மதிப்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். வலிப்பு ஏற்கெனவே வந்த குழந்தையானால் நரம்பியல் மருத்துவரிடம் தனியாகப் பேசாமல் ஓர் அடியும் எடுக்க வேண்டாம்.

நேரில் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். அழாமல் குறிப்பெடுக்கக்கூடிய ஒருவரை அழைத்துப் போங்கள், சித்தியோ மாமாவோ நண்பரோ. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கக் கேளுங்கள். உண்மையான ஆய்வில் இதற்கு மறுப்பே இருக்காது. "இந்த வாரம் கட்டினால் சலுகை" என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். உங்கள் குழந்தை மருத்துவரிடம் முழுத் திட்டத்தையும் அனுப்புவதாகச் சொல்லுங்கள், அவர்கள் எப்படி முகம் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். "எந்தக் குழந்தையைச் சேர்க்க மாட்டீர்கள்?" என்ற கேள்வி எனக்குப் பிடித்தது. ஒரு நல்ல ஆய்வுக்குச் சேர்க்கத் தகாதவர்களின் நீண்ட பட்டியல் இருக்கும். வந்தவர் எல்லாரும் பொருத்தமானவர் என்றால், தேர்வை நடத்துவது மருத்துவம் இல்லை. "பலன் கிடைக்காதவர்களுக்கு என்ன ஆனது?" என்றும் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில் "இன்னும் இரண்டு தவணை போட வேண்டியிருக்கும்" என்பது.

ஓரளவு வளர்ந்த பிள்ளையானால் அவனிடம், அவளிடம் கேளுங்கள். படங்களை வைத்து, நாள் வாரியாக, ஊசி எங்கே, எவ்வளவு நேரம் என்று காட்டுங்கள். ஆய்வு விதிகளில் குழந்தையின் இசைவு என்று ஒன்று உண்டு, பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. பேச்சு இல்லை என்பதால் விருப்பம் இல்லை என்று ஆகிவிடாது.

எல்லாச் சோதனைகளையும் தாண்டி, கட்டணமில்லாத, ஒப்பீட்டுக் குழுவுள்ள, முறையான அனுமதி பெற்ற ஓர் ஆய்வு உங்களுக்குக் கிடைத்தால், சேர்வது நியாயமான முடிவு. நான் அதற்கு எதிரி இல்லை, என் பிழைப்பே அதில்தான். சேரும்போது குழந்தைக்குப் பிளாசிபோ வரலாம், பலன் இல்லாமலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை எதுவும் குறையாது என்ற நான்கையும் மனதில் வாங்கிக்கொண்டு சேருங்கள். நடந்துகொண்டிருக்கும் தெரபியை நிறுத்தாதீர்கள். புதிதாக ஒன்றைத் தொடங்குவதானால் ஆய்வுக் குழுவிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்படி ஆய்வு கிடைக்காவிட்டால், அந்தப் பணத்தையும் தெம்பையும் எங்கே வைப்பது? கேட்கும் திறன் சோதனை, வலிப்பு இருக்கிறதா என்ற சோதனை, தூக்கம், மலச்சிக்கல், பல்வலி ஆகியவற்றை முதலில் பாருங்கள். "திடீரென்று மோசமாகிவிட்டான்" என்று வரும் பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். படங்களாலோ டேப்லெட்டாலோ கருத்துச் சொல்லப் பழக்குங்கள், அது பேச்சு வருவதைத் தடுக்காது. பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை வைத்தே பெற்றோருக்குப் பயிற்சி தரும் ஒரு முறையை இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பயிற்சி முடிந்து சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்ததாக 2016-ல் லான்செட் இதழில் வந்தது. மெதுவான வேலை, பெயரும் கவர்ச்சியாக இருக்காது. உலக சுகாதார நிறுவனமும் பராமரிப்பவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது, உங்கள் பகுதியில் யாராவது நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால்

குற்ற உணர்ச்சியோடு மறைக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தச் செல், எந்தத் தேதி, பேட்ச் எண், செலுத்திய வழி, கொடுத்த மயக்க மருந்து எல்லாம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறருடைய செல் என்றால் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வையுங்கள், பிற்காலத்தில் ரத்தமோ உறுப்போ ஏற்றும் நிலை வந்தால் தேவைப்படும். ஊசிக்குப் பின் காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, கண் நிலைகுத்துதல், கை கால் வெட்டுதல், வழக்கத்தை மீறிய தூக்கம் இவற்றில் எது வந்தாலும் அந்த மையத்தின் திரும்பும் அழைப்புக்காகக் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாதிப்பு வந்தால் உங்கள் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பக்கவிளைவாகப் பதிவு செய்யுங்கள். பெற்றோரே செய்யலாம், மருத்துவர் மூலமும் செய்யலாம். அடுத்த தவணைக்கு அழைத்தால், முதல் தவணைக்கு முன் நீங்கள் எழுதி வைத்த அந்த இரண்டு மூன்று விஷயங்களில் என்ன மாறியது என்று அவர்களையே எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை பணம் கட்ட வேண்டாம்.